ஹெனுத்தின் பெயரைச் சொன்னவள்

கெமி அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது, அந்த வீட்டு மூத்த மனைவி ஹெனுத் செத்து மேற்குக் கரைக் கல்லறைக்குப் போய் ஒரு வெள்ளம் ஏறி இறங்கியிருந்தது. வீடு காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் கெமி வந்தாள். எங்கே காலி? மாவரைக்கும் கல்லில் ஹெனுத் அரைத்து அரைத்து விழுந்த பள்ளம் அப்படியே இருந்தது. ஹெனுத் நல்ல உயரம். கெமி குட்டை. அவளுடைய பள்ளத்தில் இவள் மண்டிபோட்டு அரைத்தால் தோள்பட்டை கழன்றுபோகும். வேறு கல் வாங்கலாமே என்று ஒருநாள் வாயைத் திறந்தாள்.

மாமியார் தெத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கல்லுக்கு என்னடி குறை? ஹெனுத் இதுலதான் அரைச்சா. அவ சுட்ட ரொட்டிய வாயில வச்சா கரையும். நீ சுடறதத் தின்னா கழுதைக்கே பல்லு வலிக்கும்.”

கெமியின் அப்பன் ஆற்றின் மேல்பக்கத்து நாணல் காட்டில் வாத்துப் பிடிக்கிறவன். சேற்றிலும் வலையிலும் வளர்ந்த பெண். இரண்டு விரலால் வாத்தின் கழுத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, பேச்சை விடாமல் தொடருவாள். சரக்குப் படகு வைத்திருந்த நக்தி வாத்து வாங்க வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஹெனுத் போனபிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான் என்று அவனோடு வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் கெமி சம்மதித்தாள். ஒரு செத்தவளை நான் சிரிப்பிலேயே தோற்கடித்துவிட்டேன் என்று ஒரு மிதப்பு. சின்ன வயது.

உயிரோடு ஒரு சக்களத்தி இருந்திருந்தால் கெமிக்குக் கவலையே இல்லை. முடியைப் பிடித்து இழுத்திருப்பாள், கிணற்றடியில் நாலு பேர் கேட்கத் திட்டியிருப்பாள், இரண்டு பேரும் கிழவியாகி ஒரே பாயில் உட்கார்ந்து பேன் பார்த்திருப்பார்கள். இவளோ செத்தவள். அவளுக்கு வயதும் ஆகாது, ரொட்டியும் கருகாது. அவள் சீப்பு மாடக்குழியில் இருந்தது, பல்லில் இரண்டு முடியோடு. அதை எடுக்கவும் கூடாது, துடைக்கவும் கூடாது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அமாவாசைதோறும் படையல் இருக்கிறதே, அதுதான் அவள் வயிற்றில் நெருப்பை வைத்தது. நக்தி ஒவ்வொரு அமாவாசைக்கும் ஆற்றைக் கடந்து ஹெனுத்தின் கல்லறைக்கு ரொட்டியும் பார்லிக் கள்ளும் கொண்டுபோவான். சுடுவது யார்? கெமி. கள் ஊறவைப்பது யார்? கெமி. நெற்றி வியர்வை மாவில் விழ இவள் பிசைவாள். அங்கே அந்த உயரக்காரி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

கெமி ஒரு வேலை செய்தாள். வீட்டுக்கு நல்ல மாவு, ஹெனுத்துக்குச் சலித்த தவிடு. வீட்டுக்குக் கெட்டிக் கள், ஹெனுத்துக்கு அதே ஜாடியைக் கழுவிய தண்ணீர். நக்தி படையலை ருசி பார்க்கிறவன் இல்லை. வைத்துவிட்டு, தலை குனிந்து நின்றுவிட்டுத் திரும்பிவிடுவான். எனவே அது யாருக்கும் தெரியாது என்று கெமி நினைத்தாள். தெரியவேண்டியவள் ஒருத்திதான். அவள் வந்து கேட்கட்டும், பார்க்கலாம்.

அடுத்த வெள்ளத்துக்குள் மகள் பிறந்தாள். ரெசி என்று பேர் வைத்தார்கள். ஹெனுத்துக்குப் பிள்ளை இல்லை. இதிலே நான் ஜெயித்துவிட்டேன் என்று கெமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்தாள்.

ரெசி நடை பழகிய பிறகுதான் கல் வந்தது.

நக்தி கோயில் வேலைக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு பயணத்தில், மூலை உடைந்துபோன ஒரு பலகைக் கல்லைக் கோயில் ஆட்கள் அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அவன் அதை ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்தான். செத்தவர்களுக்கு ராஜாவான ஓசிரிஸ் சாமி ஊர்வலம் போகிற பாதையில் குடும்பத்துக் கல் ஒன்று நட்டுவிட்டால் போதும், சாமி முன்னால் வைக்கிற படையலில் பங்கு கிடைக்கும். போகிறவர்கள் வருகிறவர்கள் கல்லில் இருக்கிற பேரைப் படிப்பார்கள். படித்த பேருக்கு மூச்சு வரும். பேர் இல்லாதவர்கள் செத்தபிறகு என்ன ஆவார்கள் என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆற்றில் போனவர்கள், பாலைவனத்தில் கிடந்தவர்கள், புதைக்க ஆள் இல்லாதவர்கள், எல்லோரும் பசியோடு அலைகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கல் கொத்துகிறவனிடம் நக்தி அதைக் கொடுத்தான். ஒருநாள் கெமி அவனுக்குக் கள் கொண்டுபோனாள். கல்லில் படம் பாதி வந்திருந்தது. ஒரு ஆண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முன்னால் ரொட்டி அடுக்கிய மேசை, மேசைக்கு மேலே ஒரு வாத்து. ஆணின் பக்கத்தில் அவன் தோளில் கைபோட்டபடி ஒரு பெண்.

“இந்தப் பொம்பள யாரு?” என்று கெமி கேட்டாள்.

“பொம்பளதான்,” என்றான் அவன். “எல்லாக் கல்லுலயும் ஒரே மாதிரிதான் செதுக்குவேன். தலைக்கு மேல எடம் விட்டிருக்கேன் பாரு, அதுல எந்தப் பேர எழுதறாங்களோ அவளாயிடுவா.”

“எம் புருஷன் எந்தப் பேரச் சொன்னாரு?”

“இன்னும் சொல்லல. கள்ள வச்சுட்டுப் போ.”

அன்று சாயங்காலம் நக்தி கால் கழுவி உள்ளே வருவதற்குள் கெமி பிடித்துக்கொண்டாள். “ஏங்க, அந்தக் கல்லுல உங்க தோள்ல கைபோட்டு உக்காந்திருக்காளே, அவ யாரு?”

நக்தி மீன் உலர்த்தும் கயிற்றைப் பார்த்தான். “யோசிக்கிறேன்.”

“யோசிக்க என்ன இருக்கு? உங்க துணியத் துவைக்கறது யாரு? உங்க பிள்ளயப் பெத்தது யாரு?”

“அதனாலதான் யோசிக்கிறேன். உனக்கு ரெசி இருக்கா. நாளைக்கு உம் பேரச் சொல்ல ஒரு வாய் இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா? நான் போயிட்டா அவ பேரும் போச்சு.”

“அப்ப பிள்ள பெத்ததுதான் நான் செஞ்ச தப்பா?”

“தப்புன்னு சொன்னேனா?”

“ரெண்டு பேரயும் எழுதச் சொல்லுங்க.”

“ஒரு தலைக்கு மேல ரெண்டு பேரா? எடம் எங்க இருக்கு?”

நக்தி நல்லவன். சத்தம் போட மாட்டான், கை நீட்ட மாட்டான். அதுதான் கெமிக்கு இன்னும் காந்தியது. கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். நல்லவன் ஒருவன் தன்னை விட்டு இன்னொருத்தியை யோசித்துக்கொண்டே இருப்பதை என்ன செய்வது? அன்று முதல் அவள் கண்ணை மூடினால் அந்தப் பெண்தான் வந்தாள், தோளில் கைபோட்டபடி, தலைக்கு மேலே வெற்றிடத்தோடு.

வெள்ளம் வடிந்து குட்டைகளில் தண்ணீர் நாறத் தொடங்கிய நாட்களில் ரெசிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் நெற்றி சுட்டது. பிறகு உடம்பெல்லாம் சுட்டது. பிறகு பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. மந்திரம் தெரிந்த ஒருத்தி வந்து ஏழு முடிச்சுக் கயிறு கட்டிவிட்டுப் போனாள். கயிறு இருந்தது, காய்ச்சலும் இருந்தது.

தெத்தி குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். “இது காய்ச்சல் இல்லடா நக்தி. இது ஹெனுத். கல்லுல அவ பேர எழுத நீ இழுத்தடிக்கறல்ல, பிள்ளமேல கைய வச்சுட்டா.”

 தவிட்டு ரொட்டி, ஜாடி கழுவிய தண்ணீர், எல்லாம் கெமியின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஈரத்துணியைப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டாள்.

நக்தி போய் எழுத்துக்காரர் ஹோரியை அழைத்துவந்தான். குட்டையான மனிதர், வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஒரு புதுச் சிவப்பு மண் சட்டி வாங்கி வைத்திருந்தார்கள். செத்தவர்களுக்கு எழுதுவதானால் சட்டியின் உட்புறம்தான் எழுதவேண்டும். படையலைச் சாப்பிடச் சாப்பிட எழுத்து தெரியவரும், படிக்காமல் தப்பமுடியாது. ஹோரிக்கு ஒரு பழக்கம். எழுதுவதை முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கெமி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நக்தி தன் மனைவி ஹெனுத்துக்குச் சொல்வது. மேற்கே சுகமாக இருக்கிறாயா? நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? என் மகள் ரெசி ஆற்றோரத்து வீட்டில் காய்ச்சலில் கிடக்கிறாள். செய்தது நீ என்றால் விட்டுவிடு. வேறு யாராவது என்றால் எனக்காக அவர்களோடு வழக்காடு. பிள்ளை பிழைத்தால் என் கல்லில், என் பக்கத்தில், உன் பேரை வைக்கிறேன்.”

தன் மனைவி ஹெனுத். அப்படித்தான் முணுமுணுத்தார். கெமி மடியில் பிள்ளை அனலாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதும் அவள் காதில் அந்த மூன்று வார்த்தைதான் விழுந்து கிடந்தது. ஒரு தாய் அந்த நேரத்தில் அதையா நினைப்பாள் என்று கேட்கலாம். நினைத்தாள். அப்படித்தான் இருந்தது அவள் மனசு.

“ஐயா, இதுல அவங்க பேரு எங்க இருக்கு?” என்று சும்மா கேட்கிறமாதிரி கேட்டாள்.

ஹோரிக்குக் கேள்வி கேட்டால் பிடிக்கும். குச்சியின் மறுமுனையால் காட்டினார். “இது உம் புருஷன். இது அவ. அப்புறம் எல்லாம் சேதி. ஒரு தடவ பேர் எழுதினாப் போதும், மிச்சமெல்லாம் நீ நீன்னே போகும்.”

சட்டியில் படையல் வைக்கவேண்டியது கெமி. அடுப்படிக்கு எடுத்துப்போனாள். ரொட்டி தயாராக இருந்தது, அத்திப்பழம் இருந்தது. நக்தி வெளியே ஹோரிக்குக் கள் ஊற்றிக்கொண்டிருந்தான். கெமி கட்டைவிரலை வாயில் வைத்து நனைத்தாள். ஹெனுத்தின் பேர்மேல் வைத்துத் தேய்த்தாள். மை கசிந்து, கறுத்து, விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவ்வளவுதான் நேரம். அதன்மேல் ரொட்டியை அடுக்கி, பழத்தை வைத்து, கொண்டுபோய் நக்தியின் கையில் கொடுத்தாள். விரலைச் சாம்பலில் தேய்த்தாள்.

நக்தி ஆற்றைக் கடந்து வைத்துவிட்டு வந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ரெசியின் கண் மேலே சொருகியது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. தெத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் கெமிக்கு உறைத்தது, தான் என்ன செய்திருக்கிறோம் என்று. ஹெனுத்துக்குச் சேதி போகக்கூடாது என்றுதான் அழித்தாள். சட்டி என்னவோ அங்கேதானே இருக்கிறது, மேற்கே, சோறும் எழுத்துமாக. பேர் இல்லாத சட்டி யாருக்குச் சொந்தம்? முதலில் வருகிறவனுக்கு. பசியோடு அலைகிற அத்தனை பேரும் வந்து சாப்பிட்டிருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் அடியில் என்ன எழுதியிருக்கிறது? நக்தி என்று இருக்கிறது. ரெசி என்று இருக்கிறது. ஆற்றோரத்து வீடு என்று இருக்கிறது. பிள்ளை படுக்கையில் இருக்கிறாள், வாருங்கள் என்று இவளே வழிகாட்டி எழுதி அனுப்பினது மாதிரி ஆகிவிட்டது.

அவள் உறங்கவில்லை. விடிந்ததும் நல்ல மாவில் ரொட்டி சுட்டாள். கெட்டிக் கள்ளை ஜாடியில் ஊற்றினாள். பிள்ளையைத் தெத்தியின் மடியில் வைத்தாள்.

“எங்கடி போற?”

“ஹெனுத்துகிட்ட.”

தெத்தி வாயைப் பிளந்தாள். “நீயா?”

நக்தி சரக்கு இறக்கப் போயிருந்தான். பக்கத்து வீட்டுக்காரனின் நாணல் தெப்பத்தில் கெமி ஆற்றைக் கடந்தாள். மேற்குக் கரையில் வயல் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் கல்லறைகள். ஹெனுத்தின் கல்லறை வாசலில் சட்டி இருந்தது. ரொட்டி இல்லை, பழம் இல்லை. நரியோ பறவையோ தின்றிருக்கலாம். கெமி அப்படி நினைக்கவில்லை. சட்டிக்குள் பார்த்தாள். வரிவரியாகக் கறுப்பு எழுத்து, ஓரிடத்தில் மட்டும் அவள் கட்டைவிரல் அளவு அழுக்கு.

எழுதத் தெரிந்தால் எழுதியிருப்பாள். ஹோரியைக் கூப்பிட்டால் நக்திக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஊர்வலப் பாதைக் கற்களை யாராவது படிக்கும்போது அவள் கேட்டிருக்கிறாள். உங்கள் கையில் ரொட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாயால் சொல்லிவிட்டுப் போங்கள், வாயின் மூச்சு எங்களுக்குப் போதும் என்று செத்தவர்கள் கல்லிலிருந்து கெஞ்சுவார்கள். அப்படியென்றால் மை இல்லாத இடத்தில் மூச்சை வைக்கலாம். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

ரொட்டியையும் கள்ளையும் வைத்தாள். மணலில் மண்டிபோட்டாள். வாய் வரவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பேரை அவள் நாக்கில் வைத்ததே இல்லை. ‘அவங்க’, ‘அவ’, ‘உங்க ஆளு’, இப்படியேதான் ஓட்டியிருந்தாள்.

“ஹெனுத்,” என்றாள்.  “ஹெனுத். நான் கெமி. உம் பேரச் சொல்றேன். பிரியத்துல சொல்லல, அத மொதல்ல தெரிஞ்சுக்க. உம் பேர அழிச்சது நான்தான். எம் புருஷன் நல்லாத்தான் எழுதச் சொன்னாரு. ஹெனுத். இந்தச் சட்டி உனக்குத்தான் வந்துது, வேற எவனுக்கும் இல்ல. எவனாவது எடுத்திருந்தா புடுங்கு. உனக்குத்தான் நல்ல உயரமாச்சே, எட்டிப் புடுங்கு. ஹெனுத். உனக்குத் தவிட்டு ரொட்டி போட்டதும் நான்தான். தண்ணிக் கள்ளு ஊத்தினதும் நான்தான். இன்னிக்கு நல்லதா கொண்டாந்திருக்கேன், குடிச்சுப் பாரு. பிள்ளய விட்டுடு. அவ உன்ன ஒண்ணும் செய்யல. ஹெனுத். ஹெனுத். பேரு எழுதற கல்ல மட்டும் கேக்காத. மத்ததெல்லாம் எடுத்துக்க. அரைக்கற கல்ல எடுத்துக்க, சீப்ப எடுத்துக்க, அமாவாசைக்கு அவரையும் எடுத்துக்க. ஹெனுத்.”

வெயில் ஏறியது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடைவெளியில் வேறு யாராவது புகுந்துவிடுவார்கள் என்று பயம். பக்கத்துக் கல்லறைக்குப் பூ கொண்டுவந்த ஒரு கிழவி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

“யாரும்மா அது உனக்கு? அக்காளா?”

“இல்ல.”

“அம்மாவா? இப்படி உருகறியே.”

“எம் புருஷனோட பொண்டாட்டி.”

கிழவி யோசித்தாள். “அப்ப நீ யாரு?”

“நானும் அதுதான்,” என்றாள் கெமி. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாட்டி, பேச்சு அறுபடுது.”

குரல் போய்க் காற்று மட்டும் வருகிறவரை சொல்லிவிட்டு வீடு திரும்பினாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் போக எழுந்தபோது ரெசி பாயில் உட்கார்ந்து, கையில் கிடைத்த வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றி சில்லென்று இருந்தது.

நக்தி குழந்தையைத் தலைக்குமேல் தூக்கினான். அவன் முகத்தைப் பார்த்துக் கெமியும் சிரித்தாள். அப்போது அவன் சொன்னான், “ஹெனுத் கைவிடலடி.”

அன்றைக்கே தெருவெல்லாம் அதுதான் பேச்சு. ஹெனுத் காப்பாற்றினாள். பெற்ற பிள்ளை இல்லாவிட்டாலும் எவ்வளவு பெரிய மனசு. கிணற்றடியில் ஒருத்தி கெமியின் கன்னத்தைத் தடவி, உனக்கு வாய்த்த மாதிரி ஒரு மூத்தாள் யாருக்கு வாய்க்கும் என்று கண்ணீர் விட்டாள். கெமியின் குரல் இன்னும் திரும்பியிருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கினாள்.

நக்தி வாக்குத் தவறாதவன். ஹோரியைக் கூட்டிக்கொண்டு கல் கொத்துகிறவனிடம் போனான். கல்லில் எழுதவேண்டியதை ஹோரி மையால் வரைந்து காட்டினால் மற்றவன் உளியால் கொத்துவான். தெத்தியும் வந்தாள். கெமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாகப் போய் நின்றாள். ஹோரி குச்சியை நனைத்து, அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே கொண்டுபோனார்.

கெமி பேசாமல் இருந்திருக்கலாம். பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். செத்தவர்களின் பேரை அழிக்கிறவர்களை ஊர் தண்ணீர் எடுக்கக்கூட விடாது. ஆனால் தொண்டை கிழியக் கத்தியது ஒருத்தி, பேரெல்லாம் இன்னொருத்திக்கு என்பதை அவளால் தாங்கமுடியவில்லை. பயத்தைவிடப் பொருமல் பெரிதாக இருந்தது.

“ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க,” என்றாள். “அந்தச் சட்டி பேரில்லாமதான் போச்சு. நான் எச்சி தொட்டு அழிச்சுட்டேன்.”

 உளிக்காரன் சுத்தியலைக் கீழே வைத்தான். மிச்சத்தையும் அவள் சொன்னாள், தவிட்டு ரொட்டி உட்பட. “அவ பேர அங்க போயிச் சொன்னது நான். அவ வந்தான்னா என் வாயால வந்தா. எழுத்தால வரல.”

நக்தி அவள் பக்கம் திரும்பினான். “செத்தவ பேரையா அழிச்ச?” என்றான். பதிலுக்கு நிற்கவில்லை. ஆற்றுப்பக்கம் நடந்தான்.

அவன் வீட்டுக்கு வரவில்லை. படகிலேயே கிடந்தான். கெமி சோறு அனுப்பினால் பாத்திரம் காலியாகத் திரும்பும், ஆள் திரும்பமாட்டான். அவளுடைய மூட்டையை அவளே கட்டி வாசல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், துரத்தினால் எடுக்கத் தோதாக.

தெத்திதான் அதை உதைத்து உள்ளே தள்ளினாள். “மூட்டையப் பாரு. தவிட்டு ரொட்டின்னு எனக்குத் தெரியாதாடி? ஊர்ல இருக்கற மாவு சல்லடை எல்லாத்தையும் பாத்தவ நானு.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க அத்தை?”

“அவ உசுரோட இருந்தப்ப என்னப் பாத்து ரொட்டி சுடத் தெரியாதவன்னு சொன்னவ. எனக்கு மட்டும் ஆத்திரம் இல்லையா?” தெத்தி வெங்காயக் கூடையை இழுத்துக்கொண்டாள். “இத அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத.”

நக்தி ஒருநாள் மத்தியானம் வந்தான். கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தான். ரெசி அவன் முதுகில் ஏறினாள்.

“அங்க எவ்வளவு நேரம் சொன்ன?” என்றான்.

“தொண்ட போற வரைக்கும்.”

அவன் ரெசியை முதுகிலிருந்து இறக்கி மடியில் வைத்தான். “நான் ஒரு தடவகூட அவ பேர வாய்விட்டுச் சொன்னதில்ல. வச்சுட்டு ஓடியாந்துடுவேன். சொன்னா எங்க அழுதுடுவேனோன்னு.” பிறகு நிமிர்ந்தான். “கல்லுல என் பக்கத்துல அவதான். சொன்ன வாக்கு சொன்னதுதான். நீ எவ்வளவு கத்தினாலும் அது மாறாது.”

“நான் எங்க கத்தினேன்? குரலே இல்ல.”

“இப்ப இருக்கே.”

மறுபடியும் எல்லோரும் கல்லடிக்குப் போனார்கள். ஹோரி இந்த நாட்களில் யோசித்து வைத்திருந்தார். செத்தவர்களின் கல்லில் கடைசி வரியில் பிள்ளையின் பேர் வரும், ‘இவள் பேரை வாழவைப்பது இன்னார்’ என்று. ஹெனுத்துக்குப் பிள்ளை இல்லாததால் அந்த இடம் சும்மாதான் கிடந்தது.

“அந்த எடத்துல உன்னப் போட்டுடறேன்,” என்றார் கெமியிடம். “பொய்யும் இல்ல. வாழவச்சது நீதான, உம் வாயாலயே சொன்ன.”

“எந்த எடம்?”

“அடியில.”

“அவ கால்கிட்டயா?”

“மேசைக்குக் கீழன்னு வச்சுக்கயேன்.”

கெமி கல்லைச் சுற்றிவந்தாள். ஹோரி பொறுத்திருந்தார். “சரி,” என்றாள் கடைசியில். “ஆனா பேரு மட்டும் இருந்தாப் பத்தாது. என் உருவமும் வேணும்.”

உளிக்காரன் தலையைச் சொறிந்தான். “சின்னதா ஒண்ணு போடலாம். கையில ஒரு ஜாடியோட, படையல் கொண்டுவர்ற மாதிரி.”

“ஜாடியெல்லாம் வேணாம். இங்க அவளுக்குப் பொங்கிப்போட்டது பத்தாதா, அங்கயும் காலகாலத்துக்கும் ஜாடியத் தூக்கிட்டு நிக்கணுமா? கையத் தொங்கப்போட்டு நிக்க வை. முகம் அவர் பக்கம் பாக்கணும், அவ பக்கம் இல்ல.”

நக்தி சிரித்தான். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. உளிக்காரன் அவனைப் பார்த்தான். அவன் அப்படியே செய் என்று கையைக் காட்டினான்.

கல் ஊர்வலப் பாதையில் நடப்பட்டது. கெமி அதன்பிறகு இன்னும் நாலு பிள்ளை பெற்றாள், இரண்டு தங்கின. படகை விட்டு இறங்கிய வயதில் நக்தியும் மேற்கே போனான். அமாவாசைப் படையலைக் கடைசிவரை கெமியே கொண்டுபோனாள். கள்ளில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டாள். மாவில் தவிடு கலப்பதை அவ்வளவு சுலபமாக விடவில்லை, பாதிக்குப் பாதி என்று கொண்டுவந்தாள். போகும்போது பேரைச் சொல்வாள், ஊர்ச் சண்டை, மருமகளின் வாய், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வாள், நீயும் அவரும் அங்கே ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது என்றும் சொல்வாள்.

ஓசிரிஸ் ஊர்வலம் வருகிற நாட்களில் விடியும்போதே கல் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுவாள். படித்தவர்கள் நின்று வாய்விட்டுப் படிப்பார்கள். நக்தி என்பார்கள், அவன் மனைவி, அவனுக்குப் பிரியமான ஹெனுத் என்பார்கள். கெமி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். கூட்டம் தள்ளத் தள்ள, பாதிப்பேர் அதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த கல்லுக்கு நகர்ந்துவிடுவார்கள். அவள் எட்டி அவர்கள் வேட்டியைப் பிடித்து இழுப்பாள்.

“எங்க ஓடறீங்க ஐயா?” என்பாள். “இன்னும் முடியல. அடியில ஒருத்தி நிக்கறா, அவளயும் படிச்சுட்டுப் போங்க.”